பீரோவைச் சுவரோடு பிடித்து வைப்போம்
பலகைத் தடுப்பு உள்ள வீடுகளுக்கான எளிய வழிமுறை



நமது மடலில் சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு என்று நிறையப் பேசுகிறோம். அந்தக் கடனில் வாங்கி வீட்டுக்குள் வந்து நிற்கும் ஒரு பொருளைப் பற்றி இம்முறை பேசுவோம். அதுதான் பீரோ. நகை, பட்டா, ரேஷன் கார்டு, குழு பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பெண்ணுக்குச் சீர் கொடுத்தாலும் கட்டில், பீரோ இல்லாமல் கொடுப்பதில்லை.

பீரோ என்ற சொல்லே நம் ஊரோடு ஒட்டியதுதான். அது பிரெஞ்சு மொழியில் பிறந்த சொல். அலமாரி, மேசை, சன்னல், சாவி எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. சொற்கள் வெளியிலிருந்து வந்தாலும் பொருட்கள் நம் வீட்டுச் சொத்தாகிவிட்டன. ஆனால் ஒரு வேலையை மட்டும் நாம் செய்வதே இல்லை. உயரமான இந்தப் பொருட்களைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து வைப்பதில்லை.

"என்னங்க இது, பீரோ என்ன மாடா, கட்டிப் போடறதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டாலும் சரி.

எதற்காகப் பிடித்து வைக்க வேண்டும்?

பெரிய இரும்பு பீரோ சுமார் ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம் இருக்கும். ஆழம் மட்டும் ஒன்றரை அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உயரம் அதிகம், கால் வைக்கும் இடம் குறைவு. ஒரு பலகையைக் குறுகிய பக்கமாக நிமிர்த்தி வைத்தால் எப்படி நிற்குமோ அப்படித்தான் பீரோவும் நிற்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். பீரோவும் உள்ளே இருக்கும் துணிமணியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "80 கிலோவை யாரு தள்ள முடியும்?" என்று நினைப்போம். ஆனால் அதன் மேல் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தால், சுமார் 10 கிலோ இழுப்பிலேயே பின்கால்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கிவிடும். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலத்தை விட அது குறைவு. இடுப்பு உயரத்தில் பிடித்து இழுத்தால் 20 கிலோவுக்கு மேல் வேண்டும். உயரத்தில் பிடித்தால் சிறு பலமே போதும்.

இந்தக் கணக்கை மறக்காதீர்கள். ஆபத்து எங்கே என்று சொல்வதும் இதுதான், தீர்வு எங்கே என்று சொல்வதும் இதுதான். மேலே சிறிய இழுப்பு பீரோவைச் சாய்க்கும் என்றால், மேலே சிறிய பிடிமானமே அதைச் சாயாமல் காக்கும். அதனால்தான் பிடிமானத்தை எப்போதும் உச்சியில் போட வேண்டும் என்கிறோம்.

இரும்பு பீரோவை விட இலேசான பொருட்கள் இன்னும் எளிதாகச் சாயும். இழுப்பறை வைத்த மர அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள், பிளாஸ்டிக் அலமாரி எல்லாம் இந்த வகை. மூன்று இழுப்பறையையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்துவிட்டால் பாரம் முழுவதும் முன்னால் வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு குழந்தை அந்த இழுப்பறைகளைப் படிக்கட்டு மாதிரி நினைத்து ஏறினால் அலமாரி அப்படியே அதன் மேல் சாயும். இலேசான பொருள் சீக்கிரம் சாயும், கனமான பொருள் விழுந்தால் சேதம் அதிகம். இரண்டையும் பிடித்துத்தான் வைக்க வேண்டும்.

பாயில் படுக்கும் வீடுகளில் கூடுதல் கவனம்

நம்மில் பாதிப் பேர் வீட்டில் பிள்ளைகள் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள். ஆறரை அடி பீரோ முன்னால் விழுந்தால், அது நிற்கும் இடத்திலிருந்து ஆறரை அடி தூரம் வரை தரையை மூடும். எட்டுக்குப் பத்து அறையில் பீரோவுக்கு முன்னால் பாய் போட்டால் அந்த எல்லைக்குள்தான் வரும். கட்டிலில் படுத்திருந்தால் கட்டில் சட்டம் கொஞ்சம் தாங்கும். பாயில் அந்தத் தடுப்பும் கிடையாது. தூளி கட்டும் இடத்தையும் பாருங்கள். பீரோவுக்கு நேர் முன்னால் தூளி தொங்கக் கூடாது.

வெளிநாட்டில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து பல குழந்தைகள் இறந்தார்கள். பல நாடுகளில் கடை வைத்திருக்கும் ஐகியா நிறுவனம் 2015-ல், தன்னிடம் அலமாரி வாங்கியவர்களுக்குச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப்பை இலவசமாகத் தர முன்வந்தது. அது போதவில்லை. 2016 ஜூனில் அந்த நாட்டில் விற்ற சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. பிள்ளையை இழந்த பெற்றோர்கள் ஒன்று சேர்ந்து விடாமல் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 2022 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் முதல், 27 கிலோ வரை எடையுள்ள குழந்தையின் பாரத்துக்கும் சாயாத அலமாரியைத்தான் அங்கே செய்து விற்க வேண்டும் என்று விதி நடைமுறைக்கு வந்தது.

பணக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால், கடையில் விலை பேசி, தட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகும் நம்ம ஊரில் யார் வந்து சொல்வார்கள்? நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

புயலும் வெள்ளமும் சொல்லும் பாடம்

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்மைத் தாக்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் படகு விட்டு மக்களை மீட்டார்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பீரோவுக்கு என்ன ஆகும்? மூடிய பீரோ கிட்டத்தட்ட ஒரு காலி டிரம் மாதிரிதான். அதைச் சுற்றி ஒரு அடி தண்ணீர் நின்றால், உள்ளே தண்ணீர் புகுவதற்கு முன் 100 கிலோவுக்கு மேல் அதை மேலே தூக்கப் பார்க்கும். தண்ணீர் உள்ளே ஏற ஏற இந்த விசை குறையும். ஆனால் அதற்குள் பீரோ கால் தளர்ந்து ஆடிச் சாய்ந்துவிடலாம். மர அலமாரி என்றால் மிதக்கவே செய்யும். சாய்ந்த பீரோ கதவை அடைத்துக்கொண்டால் இருட்டில் வெளியே வர வழி இருக்காது.

மழைக்காலம் வந்தால் நாம் எல்லோரும் செய்யும் ஒரு வேலை உண்டு. பீரோவின் அடி துருப்பிடிக்கக் கூடாது என்று நான்கு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்துகிறோம். செய்வது நல்லதுதான். ஆனால் செங்கல் மேல் நிற்கும் பீரோ முன்பை விட எளிதாக ஆடும். செங்கல் வைத்த பீரோவைச் சுவரோடு பிடிக்காமல் விடவே கூடாது.

நிலநடுக்கமும் நமக்குப் புதிது இல்லை. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலுக்கு அடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் இங்கேயும் சென்னையிலும் நன்றாக உணரப்பட்டது. அப்போது பாத்திரங்கள் ஆடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

முதலில் சுவரைப் படியுங்கள்

எல்லாச் சுவரும் ஒன்று இல்லை. நகரத்துப் பழைய வீடுகளைப் பிரித்து இரண்டு மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் இடங்களில் நடுவே பலகைத் தடுப்புதான் இருக்கும். கிராமத்தில் ஒரே கூடமாகக் கட்டிய வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பிளைவுட் அடித்து ஒரு அறை ஆக்குகிறோம். படுக்கை அறைச் சுவர் என்று நாம் சொல்வது பல வீடுகளில் இந்த மரத் தடுப்புதான். அதனால் இந்த வகையை விரிவாகச் சொல்கிறோம்.

பலகைத் தடுப்பில் இரண்டு பாகம் உண்டு. கண்ணுக்குத் தெரிவது பலகை அல்லது பிளைவுட். அதற்குப் பின்னால் நிற்பது மரச் சட்டம். பலம் முழுவதும் சட்டத்தில்தான் இருக்கிறது. கால் அங்குல பிளைவுட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் அது துணியில் குத்திய ஊக்கு மாதிரி. ஒரு இழுப்பில் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

சுவரைப் பார்க்கும்போது மூன்று சோதனை செய்யுங்கள்.

1. தள்ளிப் பாருங்கள். தோள் உயரத்தில் இரண்டு கையாலும் தடுப்பைத் தள்ளுங்கள். தடுப்பே ஆடினால் பீரோவை அதில் பிடிக்க வேண்டாம். பீரோ விழும்போது தடுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். முதலில் தடுப்பின் ஓரச் சட்டத்தைச் செங்கல் சுவரிலும், கீழ்ச் சட்டத்தைத் தரையிலும், முடிந்தால் மேல்ச் சட்டத்தை உத்திரத்திலும் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது.

2. தட்டிப் பாருங்கள். விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போங்கள். வெறும் பலகை இருக்கும் இடத்தில் 'டொம் டொம்' என்று வெற்றுச் சத்தம் வரும். சட்டம் இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக மாறும். இன்னொரு அடையாளம் ஆணி வரிசை. மேலிருந்து கீழாக ஆணிகள் வரிசையாக இருந்தால் அதற்குப் பின்னால்தான் சட்டம். பெயிண்ட் அடித்து ஆணி தெரியவில்லை என்றால், பழுதான ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஆணி இருக்கும் இடத்தில் ஒட்டும்.

3. குத்திப் பாருங்கள். பழைய ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அழுத்துங்கள். உள்ளே பொதபொதவென்று இறங்கினால் கரையான் அரித்திருக்கிறது, அல்லது ஈரத்தில் உளுத்திருக்கிறது. தரை ஓரத்தில் முக்கியமாகப் பாருங்கள். இத்துப்போன சட்டத்தில் எவ்வளவு பெரிய ஸ்க்ரூ போட்டாலும் நிற்காது.

என்னென்ன பொருள் வேண்டும்?

• நன்றாகக் காய்ந்த கெட்டி மர ரீப்பர் ஒன்று. 3 அங்குல அகலம், 1½ அங்குல கனம். நீளம் பீரோவின் அகலத்தை விடக் கொஞ்சம் அதிகம்.
• எல் வடிவ இரும்பு கிளாம்ப் இரண்டு. பீரோவின் இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொன்று.
• ரீப்பரைச் சட்டத்தில் பிடிக்க 10 நம்பர் மர ஸ்க்ரூ நான்கு.
• கிளாம்ப்பை ரீப்பரில் பிடிக்க 1¼ அங்குல ஸ்க்ரூ நான்கு.
• கிளாம்ப்பை பீரோவில் பிடிக்க 6 மில்லி நட்டு போல்ட், இரண்டு பக்கமும் போடுவதற்குப் பெரிய வாஷர்கள்.
• டிரில்லிங் மிஷின், 3 மில்லி பிட் (மரத்துக்கு), 6 மில்லி பிட் (இரும்புக்கு).

நம்ம ஊரில் கடல் காற்று. சாதாரண இரும்பு ஸ்க்ரூ இரண்டு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துத் தலை உடைந்துவிடும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். அது இல்லை என்றால் துத்தநாகப் பூச்சு உள்ளது வாங்கலாம். ஆணி வேண்டவே வேண்டாம். ஆணி நேராக இறங்கும், நேராகவே வெளியே வந்துவிடும். ஸ்க்ரூவின் மரை மரத்தைக் கவ்விப் பிடிக்கும்.

ஸ்க்ரூ நீளத்துக்கு ஒரு கணக்கு: ரீப்பர் கனம் + பலகை கனம் + சட்டத்துக்குள் குறைந்தது 1¼ அங்குலம். ரீப்பர் 1½, பலகை ¾ என்றால் 3½ அங்குல ஸ்க்ரூ வேண்டும். பிளைவுட் கால் அங்குலம்தான் என்றால் 3 அங்குலம் போதும்.

வேலையைச் செய்யும் முறை

முதல் படி: பீரோவைக் காலி செய்யுங்கள். நகையையும் பத்திரங்களையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நிறைந்த பீரோவைத் தனி ஆளாக நகர்த்தவே கூடாது. இப்படி நகர்த்தும்போதும் பீரோ விழலாம். இரண்டு பேராவது வேண்டும்.

இரண்டாம் படி: பீரோவை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதன் உச்சி வரும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். செங்கல் வைப்பதாக இருந்தால் செங்கல் வைத்த பிறகு கோடு போடுங்கள். பிறகு பீரோவை நகர்த்திவிடுங்கள்.

மூன்றாம் படி: மெயின் சுவிட்சை அணையுங்கள். பலகைத் தடுப்பின் மேல் அல்லது பின்னால் ஒயர் ஓடியிருக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். டிரில்லிங் மிஷினுக்கு மின்சாரம் வேண்டுமே என்றால் பக்கத்து வீட்டிலிருந்து நீட்டு ஒயர் எடுக்கலாம், அல்லது பேட்டரி மிஷின் வாடகைக்கு எடுக்கலாம்.

நான்காம் படி: ரீப்பரைக் கோட்டின் மேல் கிடையாக வையுங்கள். பாதி கோட்டுக்கு மேலே, பாதி கீழே இருக்கட்டும். ரீப்பர் குறைந்தது இரண்டு சட்டங்களைத் தொட வேண்டும். ஒரு சட்டத்துக்கு இரண்டு ஸ்க்ரூ வீதம் குறி போட்டு, 3 மில்லி பிட்டால் முதலில் துளை போடுங்கள். துளை போடாமல் நேரடியாக முறுக்கினால் மரம் பிளந்துவிடும். ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு அல்லது சோப்பு தடவினால் தேக்கு மாதிரி கெட்டி மரத்திலும் சுலபமாக இறங்கும்.

ஐந்தாம் படி: ரீப்பரைப் பிடித்ததும் அதில் தொங்குகிற மாதிரி கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் அசையக் கூடாது. அசைந்தால் ஸ்க்ரூ சட்டத்தில் இறங்கவில்லை என்று பொருள். கழற்றி, சரியான இடம் பார்த்துப் போடுங்கள்.

ஆறாம் படி: பீரோவை ரீப்பரோடு ஒட்டி நிறுத்துங்கள். இதனால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இடைவெளி கிடைக்கும். காற்று புழங்கும், ஈரம் தங்காது, கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். இப்போது பீரோவின் மேல் தகட்டில் இரண்டு பின் மூலையிலும் எல் கிளாம்ப்பை வைத்து, ஒரு கை பீரோ மேலும் மறு கை ரீப்பர் மேலும் படும்படி குறி போடுங்கள். பீரோ தகடு மெல்லியது. நடுத் தகட்டில் துளை போட்டால் பலம் இருக்காது. ஓரத்தில் தகடு மடித்திருக்கும் இடத்தை ஒட்டிப் போட்டால் உறுதி. போல்ட்டை மேலிருந்து இறக்கி, உள்ளே வாஷர் வைத்து நட்டை இறுக்குங்கள். பிறகு கிளாம்ப்பின் மறு கையை ரீப்பரில் ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள்.

ஏழாம் படி: தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகப் பல வீட்டில் தரை வாசல் பக்கம் அல்லது முற்றத்துப் பக்கம் சரிந்திருக்கும். முன்கால்கள் தாழ்ந்திருந்தால் அவற்றுக்குக் கீழே மரச் சக்கை கொடுத்து, பீரோ மயிரிழை சுவர்ப் பக்கம் சாய்ந்தாற்போல் நிறுத்துங்கள். ஸ்க்ரூவை முறுக்கியே பீரோவைச் சுவர்ப் பக்கம் இழுக்கப் பார்க்காதீர்கள். அந்த இழுப்பு எந்நேரமும் ஸ்க்ரூவின் மேல் இருந்துகொண்டே இருக்கும்.

கடைசியாகக் கனமான பாத்திரம், பித்தளைச் சாமான் எல்லாம் அடித்தட்டில், இலேசான துணி மேல் தட்டில் என்று அடுக்குங்கள். பீரோ உச்சியில் அண்டா, சூட்கேஸ் ஏற்றுவதை விட்டுவிடுங்கள். பிஸ்கட் டப்பா, பொம்மை, செல்போன் சார்ஜர் போன்றவற்றைப் பீரோ மேல் வைத்தால் பிள்ளை ஏறிப் பார்க்கத்தான் செய்யும்.

சட்டம் கிடைக்காத இடத்தில்

சில தடுப்பில் சட்டங்கள் தூரத் தூரமாக இருக்கும். ரீப்பரை நீளமாக எடுத்து இரண்டு சட்டத்தையும் தொட வைப்பதே முதல் வழி. அதுவும் முடியாவிட்டால், தடுப்பின் மறுபக்கம் இன்னொரு ரீப்பர் வைத்து, இரண்டு ரீப்பரையும் பலகைக்கு ஊடாக நட்டு போல்ட்டால் சேர்த்து இறுக்கலாம். நடுவே பலகை சாண்ட்விச் மாதிரி இருக்கும். இழுப்பு ஒரே புள்ளியில் விழாமல் ரீப்பர் நீளம் முழுவதும் பரவும். ஆனால் தடுப்பு ஆடாமல் இருந்தால் மட்டுமே இந்த வழி.

மற்ற சுவர்கள்

செங்கல் சுவர்: 8 மில்லி கல் பிட்டால் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, அதில் ஸ்க்ரூ முறுக்க வேண்டும். துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது போக வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் விழக் கூடாது.

பழைய சுண்ணாம்புச் சுவர்: நகரத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு கனமாக இருக்கும், தொட்டால் உதிரும். துளை போடும்போது வெள்ளைத் தூள் வந்துகொண்டே இருந்தால் இன்னும் பூச்சிலேயே இருக்கிறோம் என்று பொருள். சிவப்புத் தூள் வந்த பிறகும் ஒன்றரை அங்குலம் போக வேண்டும். அதற்கேற்ப நீள ஸ்க்ரூ வாங்க வேண்டும்.

ஹாலோ பிளாக் சுவர்: உள்ளே வெற்றிடம் இருக்கும். சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. கொத்தனாரிடம் சொல்லித் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, சிமெண்ட் நிரப்பி, காய்ந்த பிறகு அதில் பிடிக்கலாம்.

மண் சுவர், கீற்றுத் தட்டி: இதில் எதுவும் நிற்காது. வீட்டைத் தாங்கும் சவுக்குக் கம்பம் மண்ணில் ஆழமாக இறங்கி ஆடாமல் இருந்தால், பீரோவை அதை ஒட்டி நிறுத்திக் கம்பத்தோடு பிடிக்கலாம். இல்லையென்றால் உயரமான பீரோவுக்குப் பதில் தாழ்வான இரும்புப் பெட்டியே பாதுகாப்பு. நம் அம்மா காலத்து டிரங்குப் பெட்டி யார் மேலும் விழுந்ததில்லை!

கட்டில், டிவி, கண்ணாடி

ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைக் கட்டிலில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் ஆடும். மேல் சட்டத்தை இரண்டு இடத்தில் சுவரோடு பிடித்தால் ஆட்டம் நிற்கும். டிவியை பீரோ மேலோ, உயரமான ஸ்டாண்டிலோ வெறுமனே வைக்காதீர்கள். பழைய பெட்டி டிவிக்குப் பாரம் முழுவதும் முன்பக்கத்தில் இருக்கும். புது எல்.இ.டி. டிவி இலேசு, அதனால் ஒயரைப் பிடித்து இழுத்தாலே சாயும். டிவி பின்னால் இருக்கும் துளையில் பெல்ட் கட்டிச் சுவரில் பிடிக்கலாம். டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிக்கும் தனியாக ஒரு கிளாம்ப் தேவை.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"நாங்க வாடகை வீடு. ஓனர் திட்ட மாட்டாங்களா?"
முதலிலேயே கேட்டுவிடுங்கள். துளை ஐந்தாறுதான், காலி செய்யும்போது மரத்தூளும் பசையும் கலந்து அல்லது பட்டி வைத்து அடைத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். குழந்தைக்காக என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

"பீரோவில் துளை போட்டால் துருப்பிடிக்காதா?"
துளை போட்ட ஓரத்தில் உடனே கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வையுங்கள். அதற்குப் பிறகு போல்ட் போடுங்கள். துருப்பிடிக்காது.

"கயிறு போட்டுக் கட்டினால் போதாதா?"
கயிறு தளரும், எலி கடிக்கும், மழை ஈரத்தில் இற்றுப்போகும். தளர்ந்த கயிறு இருந்தால் பீரோ முதலில் சாய்ந்து வேகம் எடுத்த பிறகுதான் கயிறு இழுபடும். அந்த வேகத்தில் அறுந்துவிடும். கிளாம்ப் தொடக்கத்திலேயே அசைய விடாது.

"இதுக்கு ஆசாரியைக் கூப்பிடணுமா?"
ஒருமுறை ஆசாரி செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை நீங்களே செய்யலாம். பெண்களால் முடியாத வேலை இதில் ஒன்றும் இல்லை. குழுப் பணத்தில் ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கி வைத்தால் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் பயன்படும். தெருவில் மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தால் குழுவுக்கு ஒரு வருமானமும் ஆகும்.

ஒருவேளை விழுந்துவிட்டால்

பதறிப்போய் குழந்தையைக் கீழிருந்து இழுக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பீரோவை நேராக மேலே தூக்கி நிறுத்துங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால் குழந்தையை அசைக்காமல் அப்படியே படுக்க வையுங்கள். தலையில் அடிபட்ட குழந்தை எழுந்து விளையாடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, மயக்கம், வழக்கத்தை மீறிய தூக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

1. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீடுகள் எவை என்று பட்டியல் எடுங்கள். அந்த வீடுகளுக்கு முதலிடம்.
2. செங்கல் மேல் பீரோ நிற்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள்.
3. கிளாம்ப், ஸ்க்ரூ எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே கடையில் வாங்குங்கள். விலை குறையும். ஒரு பீரோவின் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு மிகச் சிறியது.
4. பீரோ வாங்க உள்கடன் கொடுக்கும்போதே கிளாம்ப் செலவையும் சேர்த்துக் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள்.
5. ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஆயுத பூஜைக்கு வீடு துடைத்து பீரோவைச் சுத்தம் செய்வதும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். அப்போது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, சட்டத்தில் கரையான் உண்டா என்று பார்த்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் நிம்மதி.

குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றத்தான் பீரோ வாங்குகிறோம். அந்த பீரோவே பிள்ளைக்கு ஆபத்தாக நிற்கக் கூடாது. இரண்டு கிளாம்ப், ஒரு ரீப்பர், அரை நாள் வேலை. இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி, அடுத்த கூட்டத்துக்குள் எத்தனை வீட்டில் முடித்தீர்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் குழுவின் அனுபவத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்பினால் மற்ற ஊர்ச் சகோதரிகளுக்கும் பயன்படும்.